வி.பி.6 நாளைக்கு நின்றுவிடுமா?

கேள்வி: ஐயா, ஈரோட்டில் 2002 முதல் நூல் கடைகளுக்கும் ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கும் பில்லிங் சாப்ட்வேர் செய்து கொடுத்து வருகிறேன். எல்லாமே வி.பி.6 (மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 6 மொழி), கணக்கு விவரத்துக்கு அக்சஸ் டேட்டாபேஸ், ரிப்போர்ட் அடிக்கக் கிரிஸ்டல் ரிப்போர்ட். நான் ஒரே ஆள்தான். இன்று 62 கடைகளில் ஓடுகிறது. கடைக்கு வருஷம் 6,000 ரூபாய் ஏ.எம்.சி. (பராமரிப்புக் கட்டணம்). போன மாதம் ஒரு கடைக்காரரின் மகன், பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருப்பவர், "மைக்ரோசாஃப்ட் வி.பி.யை விண்டோஸிலிருந்தே எடுக்கப் போகிறது, 2027இல் உங்கள் சாப்ட்வேர் திறக்கவே திறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சு மற்ற கடைகளுக்கும் பரவிவிட்டது. இரண்டு பேர் டேலி என்ற கணக்கு சாப்ட்வேருக்கு மாறப் போவதாகச் சொல்கிறார்கள். எனக்கு 51 வயது. மைக்ரோசாஃப்டின் புதிய தளமான டாட் நெட்டில் எல்லாவற்றையும் திரும்ப எழுதுவதா, வெப்புக்குப் போவதா, ஓடுகிறவரை ஓட்டுவதா? தொழில் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. ஆள் மாறாட்டம் செய்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் விண்டோஸிலிருந்து எடுக்கப் போவது வி.பி. ஸ்கிரிப்டை. உங்களுடையது விஷுவல் பேசிக் 6. பெயரில் பங்காளிகள், வீடு வேறு. வி.பி. ஸ்கிரிப்ட் 1996இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரோடு வந்த சின்ன ஸ்கிரிப்ட் மொழி. வைரஸ் எழுதுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் கெட்ட பெயர் வாங்கியது. 2023 அக்டோபரில் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அது தனியாகக் கழற்றக்கூடிய துண்டாக ஆனது. 2027 வாக்கில் அது தானாக இயங்காதபடி அணைத்து வைப்பார்கள், அதற்கப்புறம் ஒரு பதிப்பில் முழுதாக நீக்குவார்கள். தம்பி சொன்ன 2027 இங்கிருந்து வந்ததுதான்.

வி.பி.6 கதை வேறு. 1998இல் வந்தது. நீங்கள் கோடு எழுதுகிற அந்த ஐ.டி.இ.க்கான ஆதரவு 2008 ஏப்ரல் 8ஆம் தேதியே முடிந்துவிட்டது. அதற்கு முன்பு, 2005இல், மைக்ரோசாஃப்டே எம்.வி.பி. என்று பட்டம் கொடுத்து வைத்திருந்த நிபுணர்கள் பலர் கையெழுத்துப் போட்டு, "நிறுத்தாதீர்கள்" என்று மனுக் கொடுத்தார்கள். நிறுவனம் அசையவில்லை. ஆக, பதினேழு பதினெட்டு வருஷமாக நீங்கள் காலாவதியான கருவியில்தான் சோறு தின்றுகொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு இதைச் சொல்லிப் பயமுறுத்த ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எழுதும் கருவி ஒன்று, எழுதிய புரோகிராமை ஓட்டும் ரன்டைம் இன்னொன்று. அந்த ரன்டைம் கோப்பு விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. ஒரு விண்டோஸ் பதிப்புக்கு ஆதரவு இருக்கும் காலம் முழுக்க அதற்கும் ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் எழுத்தில் கொடுத்திருக்கிறது. விண்டோஸ் 11ம் அதில் அடக்கம். எழுத்தில் இருப்பது நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். 2019 ஆகஸ்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த மாதம் 13ஆம் தேதி வந்த அப்டேட்டில் வி.பி.6 புரோகிராம்கள் "இன்வாலிட் புரொசீஜர் கால்" என்று உலகம் முழுக்க நின்றன. உங்கள் போனும் அன்றைக்கு ஓயாமல் அடித்திருக்கும். அந்த மாதம் முடிவதற்குள் திருத்தம் கொடுத்துவிட்டார்கள். பதினோரு வருஷம் முன்பு கைவிட்ட ஒன்றுக்காக ஒரு நிறுவனம் அவ்வளவு அவசரமாக ஓடுகிறதென்றால், பெரிய பெரிய வாடிக்கையாளர்கள் இன்னும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் எழுந்திருக்கிறவரை உங்களுக்கும் நிழல் உண்டு.

விண்டோஸ் 11 ஒட்டுமொத்தமாக எப்போது முடியும் என்று தேதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. என் கணிப்பைக் கேட்டால், உங்களுக்கு அறுபது வயது ஆவதற்குள் வி.பி.6 ரன்டைம் உங்கள் காலை வாராது.

சரி, அதனால் கவலையே இல்லை என்று முடித்துவிடலாமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். இந்த மாதிரி விஷயங்களில் எஞ்சின் கடைசியாகத்தான் நிற்கும். அதற்கு முன்னாலேயே அக்கம்பக்கத்தில் இருப்பவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். உங்கள் கடைகளில் புரோகிராம் நின்ற சம்பவங்களை எண்ணிப் பாருங்கள். ரன்டைமால் எத்தனை முறை? ஓ.சி.எக்ஸ். (ஃபார்மில் ஒட்டும் தயார் கன்ட்ரோல் கோப்பு) ரிஜிஸ்டர் ஆகவில்லை, பிரிண்டர் அடிக்கவில்லை, எம்.டி.பி. (அக்சஸ் டேட்டா கோப்பு) கரப்ட் ஆகிவிட்டது, இவற்றால் எத்தனை முறை?

ஆகவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டின் .வி.பி.பி. கோப்பை நோட்பேடில் திறங்கள். அது வெறும் டெக்ஸ்ட் கோப்புதான். மேலேயே "ரெஃபரன்ஸ்" என்றும் "ஆப்ஜெக்ட்" என்றும் தொடங்கும் வரிகள் வரிசையாக இருக்கும். உங்கள் சாப்ட்வேர் யார் யார் தோளில் சாய்ந்து நிற்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான பட்டியல் கிடையாது. கோடுக்குள் வெளிக் கருவிகளைக் கூப்பிட கிரியேட் ஆப்ஜெக்ட் என்று எழுதிய இடங்களையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவை இந்தப் பட்டியலில் வராது.

அந்தப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது வி.பி. ஸ்கிரிப்ட் என்ற பெயரைத்தான். ஆமாம், தம்பி சொன்னதில் ஒரு துளி உண்மை இங்கே ஒளிந்திருக்கலாம். ஜி.எஸ்.டி. எண் சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சோதிக்கும் குறியீடு) போட்டிருக்கிறீர்களா? வி.பி.6இல் நாம் எல்லோரும் போடுகிற ரெக்எக்ஸ்ப் வி.பி. ஸ்கிரிப்டின் டி.எல்.எல். என்ற துணைக் கோப்புக்குள்தான் இருக்கிறது. அந்த டி.எல்.எல். போனால் இதுவும் போகும். ஃபார்முலா கணக்கிட ஸ்கிரிப்ட் கன்ட்ரோலில் வி.பி. ஸ்கிரிப்ட் ஓட்டியிருந்தாலும் அதே கதிதான். கோப்புகளைக் கையாளும் ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட் வேறு டி.எல்.எல்.லில் இருப்பதால் அதைப் பற்றிப் பயம் வேண்டாம். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 எழுத்தைச் சரிபார்க்க ரெக்எக்ஸ்பே தேவையில்லை, எழுத்துகளை வெட்டிப் பார்க்கும் மிட் ஃபங்ஷனை வைத்து ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். 2027 என்ற பூதத்தின் உயரம் உங்களைப் பொறுத்தவரை அநேகமாக அந்த ஒரு மணி நேரம்தான்.

அடுத்தது ஓ.சி.எக்ஸ்.கள். ஃபிளெக்ஸ் கிரிட், காமன் கன்ட்ரோல் போன்ற மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்குகளை நீங்கள்தான் செட்டப்பில் சேர்த்துக் கொடுக்க வேண்டும், விண்டோஸோடு வராது. 2012இல் காமன் கன்ட்ரோலில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தபோது பல பேருடைய புரோகிராம் "ரிஜிஸ்டர் ஆகவில்லை" என்று முரண்டு பிடித்தது நினைவிருக்கும். இவற்றைவிட ஆபத்தானவை, அந்தக் காலத்தில் பத்திரிகை சி.டி.யிலோ யாரோ கொடுத்த ஃப்ளாப்பியிலோ வந்த மூன்றாம் ஆள் கன்ட்ரோல்கள். செய்தவரும் இல்லை, லைசென்ஸும் இல்லை, ஐ.டி.இ.யைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் ஃபார்மே திறக்காது. அவற்றை இந்த வருஷமே பிடுங்கி எறியுங்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லை.

கிரிஸ்டல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் 8.5 பதிப்பு வாங்கியபோது கம்பெனி பெயர் கிரிஸ்டல் டிசிஷன்ஸ். 2003இல் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் வாங்கியது. அதை அப்புறம் எஸ்.ஏ.பி. வாங்கியது. மூன்று கை மாறிய வீட்டில் நம் பழைய வாடகை ஒப்பந்தத்தை யார் மதிப்பார்கள்? வி.பி.6 நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிப்போர்ட் பக்கம் கழன்றுவிடும் என்பதுதான் நான் அதிகமாகப் பார்த்தது. புதிதாக ஒரு ரிப்போர்ட் கேட்டால் இனி கிரிஸ்டலில் செய்யாதீர்கள். எச்.டி.எம்.எல். கோப்பாக எழுதி பிரவுசரில் திறந்து அடிக்கச் சொல்லலாம், பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கடைக்காரருக்கு வசதி.

பிரிண்டர் என்றதும் ஒரு சின்ன விஷயம். டி.வி.எஸ். டாட் மேட்ரிக்ஸுக்கு எல்.பி.டி.1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டை நேரடியாகத் திறந்து அடிக்கிற கோடு உங்களிடமும் இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட்டே கிடையாது. யு.எஸ்.பி. பிரிண்டரை ஷேர் பண்ணி, நெட் யூஸ் கட்டளையால் எல்.பி.டி.1க்கு இழுத்து விடும் பழைய தந்திரம் விண்டோஸ் 11இலும் வேலை செய்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததால் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்ப்யூட்டர் மாற்றும். ஒவ்வொரு கடையிலும் போய் முழிக்காமல், உங்களிடம் ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கி வைத்து எல்லாவற்றையும் அதில் முதலில் ஓட்டிப் பாருங்கள். ஐ.டி.இ.யை, சர்வீஸ் பேக் 6 போட்டு, ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) பத்திரப்படுத்தி, அந்தக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். அந்த வி.பி.6 சி.டி. கீறல் விழுந்த அன்று உங்கள் தொழில் நிற்கக் கூடாது.

இப்போது பெரிய கேள்வி: திரும்ப எழுதுவதா?

என் கதையைச் சொல்கிறேன். 2009இல் இதே மாதிரி ஒரு பயத்தில், மொத்த மருந்துக் கடைகளுக்கான என் வி.பி.6 சாப்ட்வேரை வி.பி. டாட் நெட்டில் புதிதாக எழுத உட்கார்ந்தேன். எட்டு மாதம் என்று கணக்குப் போட்டேன். இரண்டே முக்கால் வருஷம் ஆனது. விஷுவல் ஸ்டுடியோவோடு வந்த மாற்றித் தரும் விஸார்ட் கோடை மாற்றிக் கொடுத்தது, ஆனால் ஒரு ஃபார்முக்கு ஐம்பது எச்சரிக்கை. அதையும் 2010 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். கோடு எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. பழைய புரோகிராமில் ஏன் என்றே நினைவில்லாத நூற்றுக்கணக்கான "இஃப்" வரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் என்றோ ஒரு கடைக்காரர் போட்ட சண்டை. அவற்றில் பாதியை விட்டுவிட்டேன், சண்டைகள் எல்லாம் திரும்ப வந்தன. அந்த இரண்டே முக்கால் வருஷத்தில் பழையதில் புதிதாக எதுவும் செய்து கொடுக்காததால் பதினோரு கடைகள் போயின. பிளாட்பாரம் என்னைக் கைவிடுமோ என்று பயந்து நான்தான் அவர்களைக் கைவிட்டேன்.

புதுப் பிளாட்பாரம் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். விஷுவல் பேசிக் மொழியில் இனி புது அம்சங்கள் சேராது என்று 2020 மார்ச்சில் மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. டாட் நெட்டின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு என்றாலே மூன்று வருஷம்தான். 2023 நவம்பரில் வந்த டாட் நெட் 8க்கு 2026 நவம்பரில் முடிவு. பதிப்பு மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 மட்டும் விண்டோஸோடு சேர்ந்து வாழ்கிறது, வி.பி.6 ரன்டைம் மாதிரியே. சிறிய கடைச் சரக்குக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம். இளைஞர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வி.பி.6 கோடை அப்படியே எடுத்துக்கொண்டு 64 பிட்டில் ஓட்டித்தரும் நோக்கத்தோடு ட்வின்பேசிக் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சோர்ஸ் கோடை அதில் ஒருமுறை திறந்து பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் 62 கடையை அதில் ஏற்றாதீர்கள். மைக்ரோசாஃப்டை நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அதைவிட எத்தனையோ மடங்கு சிறிய இடத்தில் போய் எல்லா முட்டையையும் அடை வைப்பானேன்?

நான் சொல்வது, முழுசாகத் திரும்ப எழுதாதீர்கள், டேட்டாவை மட்டும் முதலில் வெளியே எடுங்கள் என்பது. அக்சஸ் கோப்பு 2 ஜி.பி.யைத் தாண்டாது. அதை ஓட்டும் ஜெட் எஞ்சின் 32 பிட்டோடு நின்றுபோன ஒன்று. நெட்வொர்க் கேபிள் ஆடினாலே கரப்ட் ஆகும். மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் டேட்டாபேஸ் இலவசம். வி.பி.6இலிருந்து ஏ.டி.ஓ. என்ற இணைப்பு வழியாக அதைப் பேச வைக்கலாம். ஐந்து கடையில் ஆரம்பியுங்கள். டேட்டா அங்கே போய் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் ரிப்போர்ட்டை ஒரு மொழியில், மொபைலில் பார்க்கும் ஸ்டாக்கை இன்னொரு மொழியில் என்று ஒவ்வொரு துண்டாக, பழைய புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். வெப்புக்குப் போவதா என்ற கேள்வி கூட அப்போது பாதி பயத்தை இழந்துவிடும்.

இதில் உங்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது, வெளியூர் ஆலோசகர் யாரும் சொல்ல மாட்டார்கள். வி.பி.6 ஃபார்மில் யூனிகோட் தமிழ் தெரியாது, கேள்விக்குறியாக வரும். ஆகவே நாம் எல்லோரும் பாமினி போன்ற எழுத்துருவைப் போட்டு ஓட்டினோம். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று குறியாக்கம் அறிவித்ததும் சிலர் அதற்கு மாறினோம். 2010இல் அரசு யூனிகோடுக்குப் போய்விட்டது, நம் டேட்டா போகவில்லை. உங்கள் லெட்ஜரில் பார்ட்டி பெயர்கள், பில்லில் வரும் முகவரிகள் எந்த எழுத்துருவில் கிடக்கின்றன? ஒரே கடையில் இரண்டு எழுத்துரு கலந்திருந்தால் தானாக மாற்றித் தரும் எந்தக் கருவியும் "முருகன்" என்பதை வேறொருவராக்கிவிடும். கடைக்காரரை உட்கார வைத்து, திரையில் வரிசையாகக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரு கடைக்கு அரை நாள் என்று வையுங்கள். இந்த வேலை எந்தப் பிளாட்பாரத்துக்குப் போனாலும் உண்டு, அதனால் இப்போதே தொடங்கினால் நஷ்டம் இல்லை.

பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி விற்றுமுதல் தாண்டியவர்களுக்கு அது கட்டாயம், உங்கள் நூல் கடைகளில் பாதிப்பேர் அதற்குள் வருவார்கள். அதற்கு வேண்டிய என்கிரிப்ஷன், ஜேசன் (தகவலை அனுப்பும் வடிவம்) எல்லாவற்றையும் வி.பி.6இல் முட்டிமோதிச் செய்யாதீர்கள். டாட் நெட்டில் சிறியதாக ஒரு டி.எல்.எல். எழுதி காம் என்ற விண்டோஸ் இணைப்பு முறை வழியாகக் கூப்பிடுங்கள். டாட் நெட் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மாதச் சம்பளத்தோடு படிப்பது மாதிரி.

இனி அந்த இரண்டு பேர். டேலிக்குப் போகிறேன் என்கிறவரைத் தடுக்காதீர்கள். அவர் டேட்டாவை எக்செல்லில் முழுதாக எடுத்துக் கொடுத்து, சிரித்த முகமாக அனுப்புங்கள். லாட் வாரியாக, கவுண்ட் (நூலின் தடிமன் அளவு) வாரியாக, பேக் எண்ணிக்கையோடு அவர் பழகிய ஸ்டாக் ரிப்போர்ட் அங்கே கிடைக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். போகிறவரை எப்படி நடத்துகிறீர்கள் என்பதை மீதி அறுபது பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

அறுபது பேருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வி.பி. ஸ்கிரிப்டும் வி.பி.6ம் வேறு என்பதை இரண்டு வரியில். விண்டோஸ் 11இல் சோதித்துவிட்டேன் என்பதை ஒரு வரியில், சோதித்த பிறகு. டேட்டாபேஸ் மாற்றம் எந்த மாதம் என்பது. அதோடு ஏ.எம்.சி.யை உயர்த்துவதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். 6,000 ரூபாயில் 62 கடை என்றால் வருஷம் 3,72,000. அதில் உங்கள் பெட்ரோல் போக, இந்த மாற்றத்துக்கெல்லாம் நேரம் எங்கிருந்து வரும்? 2025 செப்டம்பர் 22ஆம் தேதி பாலியெஸ்டர் நூலுக்கு 12 சதவீதம் 5 ஆனபோது விடிவதற்குள் மாற்றிக் கொடுத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியும். 9,000 கேளுங்கள். பத்துப் பேர் முனகுவார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்தக் கடைக்காரர்களின் உண்மையான பயம் மைக்ரோசாஃப்டைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். "இவருக்கு ஒன்று என்றால் என்ன செய்வோம்?" என்பதை முகத்துக்கு நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, விண்டோஸ்மேல் போட்டுக் கேட்கிறார்கள். 51 வயதில் ஒரே ஆள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சோர்ஸ் கோடும் பாஸ்வேர்டும் உங்கள் ஒரு லேப்டாப்பில் மட்டும்தானே இருக்கும்? வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், பென் டிரைவோடு, எதை எப்படித் திறப்பது என்று எழுதிய தாளோடு, ஒட்டிய கவரில் கொடுத்து வையுங்கள். பக்கத்துக் கல்லூரியில் படித்துவிட்டு ஊரை விட்டுப் போக மனமில்லாத பையனோ பெண்ணோ ஒருவரை, அந்த டாட் நெட் வேலைக்கு வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்லுங்கள். வி.பி.6 தெரிந்தவராகத் தேட வேண்டாம், கிடைக்க மாட்டார். நூல் கடைக் கணக்கை நீங்கள் சொல்லிக் கொடுங்கள், மற்றதை அவர் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

அந்த .வி.பி.பி. கோப்பின் மேல்பகுதி வரிகளை மட்டும் நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். கிரிஸ்டல் பதிப்பு எண், தமிழுக்கு என்ன எழுத்துரு, இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். எதை முதலில் கழற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.